ஒரு கப் மாஞ்சோலை

2018 அக்டோபர். நியூயார்க்கில் ஓர் ஏலம். மேஜை மேல் இருந்த சரக்கு ஒரே ஒரு ஒயின் பாட்டில். சிவப்பு ஒயின். 1945-ம் வருடத்துத் திராட்சை. ஏலம் முடிந்தபோது அதன் விலை 5,58,000 டாலர். அன்றைய கணக்குக்கு நம்ம காசில் சுமார் 4 கோடி ரூபாய்!

பி.காம். படித்தவனுக்கு இப்படி ஒரு செய்தி கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? பேப்பர், பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். பாட்டிலில் முக்கால் லிட்டர் இருக்கும். ஒரு மடக்கு 25 மில்லி என்று வைத்தால் மொத்தம் 30 மடக்கு. ஆக, ஒரு மடக்கு 13 லட்சத்துச் சொச்சம். தொண்டையில் இறங்குவதற்குள் ஒரு காரின் விலை காலி.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பாட்டிலில்?

பிரான்ஸ் நாட்டில் பர்கண்டி என்று ஒரு பிரதேசம். அங்கே 'ரோமானே கோன்ட்டி' என்று ஒரு திராட்சைத் தோட்டம். பெரிய எஸ்டேட் எல்லாம் இல்லை. மொத்தமே நாலரை ஏக்கர்தான். நம்ம ஊரில் ஒரு சின்ன விவசாயியின் வயல் அளவு. 1760-ல் கோன்ட்டி இளவரசர் இதை வாங்கினார், அவர் பெயரே தோட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. இந்த நாலரை ஏக்கரில் விளைந்த திராட்சையை மட்டும் பிழிந்து செய்தால்தான் பாட்டில் மேல் அந்தப் பெயரை ஒட்டலாம். வேலிக்கு அந்தப் பக்கம் விளைந்தது ஒரு கூடை கலந்தாலும் அது வேறு ஒயின், வேறு விலை. 1945-ல் மொத்தம் 600 பாட்டில்தான் தேறியது. அதோடு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுசாக நட்டார்கள். அடுத்த சில வருடங்களுக்கு அந்தப் பெயரில் ஒயினே கிடையாது. அபூர்வம் என்றால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஒற்றைத் தோட்டத்து ஒயின் என்பதன் சூட்சுமம் இதுதான். மண், சரிவு, வெயில், மழை எல்லாம் சேர்ந்து அந்த இடத்துக்கென்று ஒரு ருசி உண்டு, அது பக்கத்துத் தோட்டத்தில் வராது என்பது நம்பிக்கை. இந்த ருசியைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே மனிதர்கள் இருக்கிறார்கள். கிளாஸைச் சாய்த்து நிறம் பார்ப்பார்கள். சுழற்றி மூக்கை நுழைப்பார்கள். வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவார்கள். அப்புறம் மார்க் போடுவார்கள். அந்த மார்க்கைப் பார்த்து மார்க்கெட் விலை போடும்.

சரி, இவர்கள் நாக்கு உண்மையிலேயே அவ்வளவு சுத்தமா?

2001-ல் ஃபிரெடெரிக் ப்ரோஷே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஒரு விளையாட்டு விளையாடினார். ஒயின் பற்றிப் படிக்கும் 54 மாணவர்களைக் கூப்பிட்டு, வெள்ளை ஒயினில் ருசியில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். அவர்களும் சிவப்பு ஒயினுக்கென்று இருக்கும் வார்த்தைகளையே அள்ளி விட்டார்கள். அமெரிக்காவில் ரூடி குர்னியவன் என்று ஓர் ஆசாமி. பழைய, விலை உயர்ந்த ஒயின்களைத் தன் வீட்டுச் சமையலறையிலேயே கலந்து 'தயாரித்து', லேபிள் ஒட்டிக் கோடீஸ்வரர்களுக்கு விற்றான். வருடக்கணக்கில் குடித்தவர்கள் சப்புக் கொட்டினார்களே தவிர சந்தேகப்படவில்லை. 2012-ல் கைது, 2014-ல் 10 வருடத் தண்டனை.

ஆக, விலை கொடுத்தது ருசிக்கா, பெயருக்கா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு திருநெல்வேலிக்குப் போவோம்.

'ஒயினுக்கும் திருநெல்வேலிக்கும் என்ன சார் சம்பந்தம்?' என்கிறீர்களா?

ஊருக்கென்று ஒரு ருசி என்ற விஷயத்தை நெல்லைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். 'அதே கோதுமை, அதே நெய், அதே மாஸ்டர். ஆனா மெட்ராஸ்ல போய்க் கிண்டினா நம்மூர் அல்வா வராதுல்லா... தண்ணிலா மாறிப்போச்சு!' என்று டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தாமிரபரணித் தண்ணீருக்குத்தான் அந்த ருசி என்பது அவர்கள் கட்சி. பிரெஞ்சுக்காரன் மண்ணைச் சொல்கிறான், இவர்கள் தண்ணீரைச் சொல்கிறார்கள்.

அந்தத் தாமிரபரணிக்குத் தண்ணீர் அனுப்பும் மலையில்தான், ரோமானே கோன்ட்டி மாதிரியே ஓர் இடத்து ருசியை வைத்து விலை பேசப்பட்ட ஒரு சரக்கு விளைந்தது. சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒயின் இல்லை. டீ!

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டி மணிமுத்தாறு அணை. அங்கே வனத்துறை செக்போஸ்ட். அதைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டே ஏறும். கீழே வேர்த்து வழிந்த சட்டை, மேலே போகப் போக ஜில்லிட ஆரம்பிக்கும். முதலில் மாஞ்சோலை. அப்புறம் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. கடைசியில் குதிரைவெட்டி. 'நாலுமுக்கில் இத்தனை மில்லிமீட்டர், ஊத்தில் இத்தனை' என்று மழைக்காலத்தில் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை கொட்டும் இடங்களில் இவையும் உண்டு. அந்த மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது.

இந்த மலை சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. எப்படி வந்தது? 18-ம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கு ஆபத்து வந்தபோது சிங்கம்பட்டியிலிருந்து படை போனதாம். சண்டையில் சிங்கம்பட்டி இளவரசர் உயிரை விட்டாராம். அந்த நன்றிக்காக மன்னர் கொடுத்த காடு இது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

உயிருக்குப் பதிலாக வந்த காடு கைமாறியதிலும் ஓர் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. இதுவும் ஒரு சினிமாக் கதை.

சென்னையில் அப்போது நியூயிங்டன் என்று ஒரு விடுதிப் பள்ளி. வயது வராத ஜமீன் வாரிசுகளை வெள்ளைக்கார சர்க்கார் அங்கே வைத்துப் படிக்க வைக்கும். அதன் பிரின்சிபால் டி லா ஹே. 1919 அக்டோபரில் ஓர் இரவு, தூங்கிக்கொண்டிருந்த அவரை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன் பிள்ளைகள் வழக்கில் சிக்கினார்கள். ஊரே கொந்தளித்துக் கிடக்க, விசாரணையைச் சென்னையில் வைத்தால் சரிப்படாது என்று பம்பாய்க்கு மாற்றினார்கள். கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால் பம்பாய் வரை போய் வழக்கு நடத்துவதென்றால் சும்மாவா? பெரிய பெரிய பாரிஸ்டர்கள், பெரிய பெரிய ஃபீஸ். அந்தக் கடனில்தான் ஜமீன் தள்ளாடிப்போய் மலையைக் குத்தகைக்கு விட்டது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

குத்தகை எடுத்தது, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். வருடம் 1929. பரப்பு 8,373 ஏக்கர் 57 சென்ட். காலம் 99 வருடம்.

இந்தக் கம்பெனியை லேசாக நினைத்துவிடாதீர்கள். 1863-ல் வாலஸ் சகோதரர்கள் ஆரம்பித்தது. பர்மா காடுகளில் தேக்கு வெட்டிக் காசு பார்த்தது. 'வெட்டிய மரத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை' என்று சொல்லி பர்மா அரசர் திபாவின் சபை 1885-ல் பெரிய அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து பிரிட்டிஷ் படை கிளம்பியது. இரண்டே வாரத்தில் மாண்டலே விழுந்தது. ராஜாவைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து நம் நாட்டு ரத்னகிரியில் வைத்தார்கள். அங்கேயே இறந்துபோனார். ஒரு மரக் கம்பெனியின் கணக்குத் தகராறில் ஒரு ராஜ்ஜியமே போனது. அந்தக் கம்பெனிதான் சிங்கம்பட்டி மலைக்கு வந்தது.

காட்டை வெட்டி டீ, காபி, ஏலக்காய், சின்கோனா எல்லாம் வைத்தார்கள். நிலைத்து நின்றது டீதான்.

காட்டை வெட்டியது யார்? செடி நட்டது யார்? கங்காணிகள் கீழே கிராமம் கிராமமாகப் போய் ஆள் பிடித்தார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட குடும்பங்கள். கேரளப் பக்கமிருந்தும் வந்தார்கள். மலையில் லைன் வீடு. வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள். மழை, குளிர், அட்டைக் கடி. ஆனாலும் வந்தார்கள். கீழே ஊருக்குள் பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நிற்பதைவிட அட்டை பரவாயில்லை என்று நினைத்தவர்கள் அதில் நிறையப் பேர். மூன்று, நான்கு தலைமுறை அந்த மலையிலேயே பிறந்து, வளர்ந்து, வேலை செய்தது.

இரண்டு இலை, ஒரு மொட்டு. இதுதான் கொழுந்து. முற்றிய இலை ஒன்று சேர்ந்துவிட்டால் டீயின் தரம் போச்சு. ஆகவே கண் பார்க்கவேண்டும், விரல் கிள்ளவேண்டும், கூடை முதுகில் கனக்கவேண்டும். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ டீத்தூள். கொழுந்தைக் காற்றில் வாட விட்டு, அரைத்து, பரப்பி வைத்து நிறம் மாறவிட்டு, சூட்டில் காய வைத்து, சலித்து மூட்டை கட்டினால் டீ தயார்.

இனிமேல்தான் நாக்குக்காரர்கள் வருகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் குன்னூரில் ஒரு டீ புரோக்கரின் டேஸ்ட்டிங் ரூமைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. நீள மேஜை. ஜன்னல் வழியாக நேர் வெளிச்சம் விழாத மாதிரி அமைப்பு. மேஜையில் வரிசையாகத் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் எஸ்டேட்டின் தூள். அதற்கு முன்னால் மூடி போட்ட வெள்ளைக் கோப்பை, அதற்கும் முன்னால் ஒரு வெள்ளைக் கிண்ணம். ஒரு சின்னத் தராசு. பழைய காலத்தில் எடைக்கல்லாக பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் காசைத்தான் வைப்பார்களாம். அந்தக் காசின் எடை சுமார் 2.8 கிராம். எல்லா டீக்கும் அதே எடை, அதே கொதிநீர், அதே நிமிடக் கணக்கு. மணி அடித்ததும் டீயைக் கிண்ணத்தில் வடித்து, சக்கையைக் கோப்பை மூடி மேல் கொட்டி வைக்கிறார்கள்.

டேஸ்ட்டர் வந்தார். முதலில் உலர்ந்த தூளைப் பார்த்தார். அப்புறம் சக்கை. செப்புக் காசு மாதிரி பளபளக்கவேண்டுமாம். பிறகு ஒரு ஸ்பூன் எடுத்து 'ஸ்ஸ்ர்ர்ப்' என்று உறிஞ்சினாரே பார்க்கவேண்டும்! நம் வீட்டில் அப்படிக் குடித்தால் அம்மா தலையில் குட்டுவார். அந்தச் சத்தம் மரியாதைக் குறைவு இல்லை, வேலை. டீ பொடிப் பொடித் துளியாகச் சிதறி நாக்கு முழுக்கப் படவேண்டும், வாசனை மூக்குக்கு ஏறவேண்டும். ஓரிரு விநாடி, அவ்வளவுதான். துப்புக் கிண்ணத்தில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணம். ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு கிண்ணம் சர்வசாதாரணம்.

கூடவே நோட்டுக்காரர் ஒருவர். அவரிடம் டேஸ்ட்டர் ஒற்றை வார்த்தைகளாகச் சொல்லிக்கொண்டே போகிறார். 'பிரைட்' என்றால் நிறத்தில் தெளிவு. 'பிரிஸ்க்' என்றால் நாக்கைச் சுள்ளென்று பிடித்து விடுகிற உயிர்ப்பு. 'பாடி' என்றால் வாயில் கனம். தப்புகளுக்கும் வார்த்தை உண்டு. 'பேக்கி' என்றால் காய வைக்கும்போது சூடு ஏறிப்போச்சு. 'கிரீன்' என்றால் நிறம் மாற விட்ட நேரம் பற்றவில்லை. 'சாஃப்ட்' என்றால் அது மிஞ்சிப்போச்சு. 'டெயின்ட்' என்றால் பக்கத்தில் இருந்த பெயின்ட்டோ வெங்காயமோ, ஏதோ ஒரு வாடையை டீ வாங்கிக்கொண்டுவிட்டது.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நூறு மைலுக்கு அப்பால் ஒரு பேக்டரியில் போன வாரம் டிரையர் சரியாக ஓடவில்லை என்பதை, இங்கே உட்கார்ந்து ஒரு ஸ்பூனில் இந்த மனிதர் கண்டுபிடிக்கிறார்! மழை வாரமா, வெயில் வாரமா என்பதையும் சொல்கிறார். மழை அடித்துக் கொழுந்து கிடுகிடுவென்று வளர்ந்தால் ருசி நீர்த்துப்போகும். மெதுவாக வளர்ந்தால் ருசி இறுகும். ஒயின்காரர்கள் வருடத்தைச் சொல்வார்கள், டீக்காரர்கள் வாரத்தையே சொல்லிவிடுகிறார்கள்.

கடைசியாக அவர் சொன்னது ஓர் எண். கிலோவுக்கு இத்தனை ரூபாய். அதுதான் மதிப்பீடு. ஏலத்தில் விலை அதைச் சுற்றித்தான் ஏறும், இறங்கும்.

டீ ஏலத்துக்கு முந்நூறு வருடத்துக்கு மேல் வயசு. 1679-ல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்துவைத்தது. அப்போதெல்லாம் மெழுகுவத்தி ஏலம். வத்தி ஓர் அங்குலம் எரிந்து முடிவதற்குள் யார் கடைசியாகக் கேட்டார்களோ அவர்களுக்குச் சரக்கு. கல்கத்தாவில் 1861, கொச்சியில் 1947, குன்னூரில் 1963, கோவையில் 1980 என்று இங்கேயும் ஏல மையங்கள் வந்தன. லண்டன் ஏலம் 1998 ஜூன் 29-ந் தேதியோடு மூடப்பட்டது. அன்றைக்குக் கடைசியாக விற்றது, இலங்கை ஹெல்பொட தோட்டத்து டீ. கிலோ 555 பவுண்டு! விற்ற காசு தர்மத்துக்குப் போனது. நம் அஸ்ஸாமில் மனோஹரி தோட்டத்து டீ 2021-ல் குவாஹாத்தி ஏலத்தில் கிலோ 99,999 ரூபாய்க்குப் போனது.

இதெல்லாம் பேர் பெற்ற அபூர்வ சரக்கு. நம் டீக்கடை பாய்லருக்கு வரும் டீயின் கதை வேறு.

ஏலத்தில் வாங்கியவர் என்ன செய்கிறார்? பத்து, பதினைந்து, இருபது தோட்டத்து டீயைக் கலக்கிறார். ஒன்றிலிருந்து நிறம், ஒன்றிலிருந்து வாசனை, ஒன்றிலிருந்து கனம். ஏனென்றால் ஜனவரியில் வாங்கிய பாக்கெட்டும் ஜூலையில் வாங்கிய பாக்கெட்டும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். இல்லையென்றால் வீட்டம்மா பிராண்டை மாற்றிவிடுவார். அந்த ஒரே மாதிரியைக் கொண்டுவருவதுதான் கம்பெனி டேஸ்ட்டரின் வேலை. அவர் நாக்கு ஒவ்வொரு தோட்டத்தையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கிறது. எதற்கு? கலந்தபின் எந்தத் தோட்டமும் தனியாகத் தெரியக் கூடாது என்பதற்கு!

பிரெஞ்சுக்காரன் வேலிக்கு அந்தப் பக்கத்துக் கூடையைச் சேர்க்க மாட்டான். அந்தப் பிடிவாதத்துக்குத்தான் அவனுக்குக் கோடிகள். நம் மலைத் தோட்டம் பாக்கெட்டுக்குள் பெயரில்லாமல் கரைந்துவிடும். ஊத்து ஆர்கானிக் டீக்கு மட்டும் விஷயம் தெரிந்தவர்கள் மத்தியில் கொஞ்சம் தனிப் பெயர் இருந்தது. மற்றபடி, மாஞ்சோலையைக் குடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். 'இது மாஞ்சோலை' என்று தெரிந்து குடித்தவர்கள் எத்தனை பேர்?

பெயர் இல்லாத சரக்கில் மிச்சம் பிடிக்க ஒரே இடம்தான் உண்டு. மெஷினைக் குறைக்க முடியாது, விறகைக் குறைக்க முடியாது, உரத்தைக் குறைக்க முடியாது. கூலிதான் இருக்கிறது. காமர்ஸ் வகுப்பில் இதை 'காஸ்ட் கன்ட்ரோல்' என்று அழகாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

1998, 99-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். பேச்சுவார்த்தை, வேலைநிறுத்தம், கைது. 650-க்கும் மேற்பட்டவர்கள் திருச்சி சிறையில். அவர்களை விடுதலை செய்யச் சொல்லியும், கூலிப் பிரச்னையைத் தீர்க்கச் சொல்லியும் 1999 ஜூலை 23-ந் தேதி திருநெல்வேலியில் ஊர்வலம் கிளம்பியது. புதிய தமிழகம் டாக்டர் கிருஷ்ணசாமி உட்பட அரசியல் தலைவர்கள் முன்னால். பின்னால் குடும்பம் குடும்பமாக ஜனம். கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள்.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ். பக்கத்திலேயே தாமிரபரணி. ஊர்வலம் ஆபீஸை நெருங்கிய இடத்தில் போலீஸ் மறித்தது. தள்ளுமுள்ளு, கல்வீச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சத்தம். ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் ஆறு. ஜனம் எங்கே ஓடும்? ஆற்றில் இறங்கியது. ஆற்றுக்குள்ளும் அடி விழுந்தது என்றார்கள் உயிர் பிழைத்தவர்கள்.

17 பேர் செத்துப்போனார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு பச்சைக் குழந்தை.

அரசு விசாரணைக் கமிஷன் போட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி மோகன் விசாரித்தார். 11 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், மற்றவர்கள் காயங்களால் இறந்தார்கள் என்று அறிக்கை வந்தது. ஆர்.ஆர்.சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஓர் ஆவணப்படமே எடுத்தார். அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஜூலை 23 வந்தால் கட்சிக் கொடிகளும் மலர் வளையங்களும் ஆற்றங்கரைக்கு வரும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாலுமுக்கிலும் ஊத்திலும் பெய்யும் மழை செடிக்கு ருசி கொடுக்கிறது. செடிக்குக் கொடுத்தது போக மிச்சம் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணிக்கு வருகிறது. எந்த மழையில் நனைந்து கொழுந்து கிள்ளினார்களோ, அந்த மழைத் தண்ணீர் ஓடும் ஆற்றிலேயே அவர்கள் மூச்சு நின்றது.

இதற்கிடையே மலைக்குப் பின்னால் சட்டம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. 1952-ல் ஜமீன் ஒழிந்தது, நிலம் அரசாங்கத்துடையதாகிவிட்டது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. 2018-ல் இந்த நிலத்தைக் காப்புக் காடு என்று அரசு அறிவித்தது. 99 வருடக் குத்தகை 2028-ல் முடியவேண்டும். அதற்கு நாலு வருடம் முன்னாலேயே, 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தது. ஜூன் மத்தியோடு கொழுந்து எடுப்பது நின்றது. 500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டிய நிலை.

'தோட்டத்தை அரசின் டான்டீயே எடுத்து நடத்தட்டும்' என்று நீதிமன்றம் போனார்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் வளர்ந்த நிறுவனம் டான்டீ. அவர்களுக்குச் செய்ததை எங்களுக்கும் செய்யுங்கள் என்பது மாஞ்சோலைக்காரர்களின் வாதம். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை. காடு காடாகவே திரும்பட்டும் என்கிற பக்கமும் லேசான பக்கம் இல்லை. புலிக்கும் சிங்கவால் குரங்குக்கும் அந்த மலை வீடு. தாமிரபரணிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் சோலைக் காடு வேண்டும். தொழிலாளியும் அதை மறுக்கவில்லை. 'காடு திரும்பட்டும்யா, நாங்க எங்க திரும்ப? கீழ எங்களுக்கு ஊரே கெடையாதே' என்பதுதான் அவர்கள் கேள்வி. மூன்று தலைமுறைக்கு முன்னால் பண்ணையாரை விட்டு மேலே போனவர்களின் பேரப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி.

கவாத்து வெட்ட ஆள் இல்லையென்றால் டீச்செடி செடியாக இருக்காது. மரமாகிவிடும். இடுப்புயரத்தில் தட்டையாகப் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி நாம் போட்டோ எடுத்துக்கொண்டோமே, அந்த அழகே ஆள் கை பட்ட அழகுதான். கை நின்றால் மரம் ஓங்கும். மரத்தில் கொழுந்து எட்டாது. கொழுந்து இல்லையென்றால் அந்த இடத்து ருசியும் இல்லை. ரோமானே கோன்ட்டியில் பழைய கொடியைப் பிடுங்கியதும் புதுக் கொடி நட்டார்கள். இங்கே நடப்போவதில்லை.

நாலரை ஏக்கர் தோட்டத்து ஒயினுக்கு 4 கோடி கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார்? இனிமேல் கிடைக்காது என்பதற்காக. அந்தக் கணக்குப்படி பார்த்தால், 2024 ஜூனில் கடைசியாகக் கிள்ளிய கொழுந்திலிருந்து வந்த டீத்தூளுக்கு என்ன விலை வந்திருக்கவேண்டும்? அந்தக் கடைசி மூட்டையும் எங்கேயோ, எதோடோ கலந்து, ஏதோ ஒரு பாக்கெட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். நீங்களோ நானோ கூடக் குடித்திருக்கலாம்.

குன்னூரில் அன்றைக்குக் கிளம்பும்போது அந்த டேஸ்ட்டரிடம் ஒன்று கேட்டேன்: 'மழை தெரியுது, மலை தெரியுது, மெஷின் கோளாறு தெரியுது. இதைப் பறிச்ச ஆளுக்கு என்ன கூலின்னு உங்களுக்குத் தெரியுமா சார்?'

மனிதர் சிரித்தார். 'அது கப்புல வராது சார்' என்றார்.